பட்டு ஏற்றும் வண்டிக்கு எந்த ஆயில்?

ஆயில் கடைக்காரனிடம் யாரும் யோசனை கேட்டு வருவதில்லை. வேறு யாரோ சொன்ன யோசனையை வாங்கிக்கொண்டு, அதற்கு நாம் தலையாட்டுகிறோமா என்று பார்க்கத்தான் வருகிறார்கள். கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று எதையாவது விற்றுப் பிழைத்தவர்களுக்கு இது தெரியும். மருந்துக்கடைக்காரர்களே, உரக்கடைக்காரர்களே, நீங்களெல்லாம் என் கட்சி. நான் பட்ட பாட்டைக் கேட்டால் உங்களுக்குக் கொஞ்சம் ஆறுதலாவது கிடைக்கும்.

எழுபதுகளில் காஞ்சிபுரம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஓர் ஆயில் கடையில் வேலை பார்த்தேன். மோட்டார் சைக்கிள், ஸ்கூட்டர், மூன்று சக்கர வண்டி, லாரி என்று எல்லாவற்றுக்கும் எங்களிடம் ஆயில் உண்டு. பீப்பாயிலிருந்து அளந்து ஊற்றுவோம். கடையை ஒட்டிய கொட்டகையில் பாஷா பாய் ஒர்க் ஷாப் வைத்திருந்தார். நான் கொடுத்த ஆயில் சரியா தப்பா என்பதை மறுவாரம் அவர் கொட்டகையில் எந்த வண்டி பிரித்துப் போடப்பட்டிருக்கிறது என்று எட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்வேன்.

நூல் பரிசோதனை

தனகோட்டி காஞ்சிபுரத்தை ஒட்டிய ஐயம்பேட்டைக்காரர். நெசவாளர் தெருவில் வீடு. பழைய மூன்று சக்கரச் சரக்கு வண்டி ஒன்றை வாங்கி, சாயப்பட்டறையிலிருந்து பட்டு நூலை ஏற்றிப் போய்த் தறிக்காரர் வீடுகளில் இறக்குவார். திரும்பும்போது நெய்த சேலைகளை ஏற்றிக்கொண்டு காஞ்சிபுரம் வருவார். அந்த வண்டி ஓடினால்தான் அவர் வீட்டில் உலை கொதிக்கும்.

வண்டி வாங்கிய கையோடு என் கடைக்கு வந்தார். "ஒவ்வொரு ஆயில்லயும் ஒரு சொட்டு காட்டு" என்றார். காட்டினேன். இடுப்பிலிருந்து வெள்ளைப் பட்டு நூல் முறுக்கு ஒன்றை எடுத்து, ஒவ்வொரு சொட்டிலும் தோய்த்து, வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். எல்லா ஆயிலும் பழுப்பாகக் கறை விட்டது. ஒவ்வொன்றுக்கும் உதட்டைப் பிதுக்கினார். கடைசியில் அலமாரியில் இருந்த சின்ன பாட்டிலைக் கண்டுபிடித்தார். அதில் தோய்த்த நூல் வெள்ளையாகவே வெளியே வந்தது. மனிதர் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி. அது தையல் மெஷினுக்குப் போடுகிற ஆயில்.

நான் பொறுமையாக விளக்கினேன். உங்கள் வண்டி டூ ஸ்ட்ரோக். ஆயிலைப் பெட்ரோலோடு கலந்துதான் ஊற்ற வேண்டும். அதுதான் உள்ளே போய் பிஸ்டனுக்கு வழவழப்புக் கொடுக்கும், பிறகு எரிந்து புகையாக வெளியே வந்துவிடும், அதன் நிறத்தை வைத்து என்ன செய்யப் போகிறீர்கள் என்றேன். எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டார். சரியான ஆயிலையே வாங்கவும் செய்தார். ஆனால் டின்னைத் தூக்கும்போது சொன்னார்:

"எரியற சங்கதியெல்லாம் இருக்கட்டும்பா. அடுத்த தபா கறை படியாத ஆயிலா பாத்து வரவழை, நான் ஏத்தறது பட்டு!"

திருப்புட்குழியார் சொன்ன சேதி

கடையில் ஒரு வாடிக்கையாளர் இருக்கும்போது இன்னொரு வாடிக்கையாளர் வரக்கூடாது. வந்தால் நமக்கு வேலை இல்லை, அவர்களே பேசி முடித்துவிடுவார்கள். அப்படித்தான் தனகோட்டி நின்றுகொண்டிருந்தபோது திருப்புட்குழி கோவிந்தசாமி வந்தார். நிலம் நீச்சு உள்ளவர். அவருடைய பெரிய மோட்டார் சைக்கிள் வரும் சத்தம் கேட்டாலே பஸ் நிலையத்து டீக்கடையில் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். அவருக்கு அதில் ஒரு பெருமை.

தனகோட்டி பெட்ரோலில் ஆயில் கலப்பதைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார். கோவிந்தசாமி குறுக்கே புகுந்தார். தன் வண்டியின் பெட்ரோல் டேங்கில் இதுவரை ஒரு சொட்டு ஆயில் விழுந்ததில்லை என்றும், வண்டி குதிரை மாதிரி ஓடுகிறது என்றும், புகை என்ற பேச்சே கிடையாது என்றும் சொன்னார். அத்தனையும் உண்மை. ஏனென்றால் அது ஃபோர் ஸ்ட்ரோக் வண்டி. அதற்கு ஆயிலைத் தனியாக இஞ்சினுக்குள்ளேயே ஊற்றுகிறோம். இதைச் சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் தனகோட்டி கும்பிடு போட்டுவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வெறும் பெட்ரோலில் வண்டி நன்றாகத்தான் ஓடியிருக்கிறது. சுத்தமாகப் புகை இல்லை. சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில் 'கிறீச்' என்று ஒரு சத்தம், வண்டி நின்றுவிட்டது. மாட்டு வண்டிக்குப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். பிஸ்டன் உள்ளே பிடித்துக்கொண்டிருந்தது. தனகோட்டியின் முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. பாய் பிரித்துப் பார்த்தார், உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார், நல்லவேளையாகப் பிழைத்துக்கொண்டது. வண்டியைக் கிளப்பிக் காட்டிவிட்டு, கையைத் துடைத்தபடி சொன்னார்:

"இந்தத் தபா கெட்டியா உயிரப் புடிச்சுக்கினு இருந்துச்சு தனகோட்டி. இன்னொரு தபா இப்டி பண்ணினா நீ மாட்டுக்காரன்கிட்டயே வேலைக்குச் சேந்துக்க."

விளக்கெண்ணெய் வைத்தியம்

ஒரு கோயில் மடைப்பள்ளியில் தளிகை செய்யும் சாமி ஒருவர் மொபெட் வைத்திருந்தார். அவருக்கும் டூ ஸ்ட்ரோக் புகையோடுதான் தகராறு. பிரசாதம் செய்கிற கையில் ஆயில் வாடை அடிக்கிறது என்று வீட்டில் சண்டை. யாரோ அவரிடம் விளக்கெண்ணெய் ஊற்றினால் வாடை வராது என்று சொல்லிவிட்டார்கள். அவர் என்னிடம் வந்து கேட்கவில்லை. நேரே நாட்டு மருந்துக் கடைக்குப் போய் வாங்கி டேங்கில் கலந்துவிட்டார்.

வாடை நிஜமாகவே மாறியது. மொபெட் போன தெருவெல்லாம் பிள்ளை பெற்ற வீடு மாதிரி மணத்தது. பத்து நாள் ஓட்டியிருப்பார், அப்புறம் வண்டி கிளம்ப மறுத்தது. பாய் கொட்டகையில் சைலன்ஸரைக் கழற்றினால் உள்ளே பாகு காய்ச்சி ஊற்றியது போல ஒட்டிக்கிடந்தது. தனகோட்டியும் அன்றைக்கு அங்கே இருந்தார். எல்லாவற்றையும் கவனமாகப் பார்த்துவிட்டு, "ஆனா பாய், விளக்கெண்ணெய்ப் புகை பட்டுல பட்டா கறை வராது இல்ல?" என்று கேட்டார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. பாய் நிதானமாக இருவரையும் பார்த்தார்.

"சாமி, தனகோட்டி, ரெண்டு பேரும் கேட்டுக்குங்க. விளக்கெண்ணெய் குடிச்சா வவுறு சுத்தமாவும். வண்டிக்கு வவுறு இல்ல."

வேலாயுதத்தின் பாவு

ஒருமுறை இஞ்சின் பிடித்துக்கொண்ட பயம் தனகோட்டியை விடவில்லை. இப்போது ஆயிலைத் தாராளமாக ஊற்ற ஆரம்பித்தார். நான் சொன்ன அளவுக்கு மேலே தன் பங்குக்கு ஒரு கை. "பாவம், கஷ்டப்படற வண்டி, நல்லா குடிக்கட்டும்" என்பார். வண்டி ஊரையே மறைக்கிற மாதிரிப் புகை விட்டுக்கொண்டு போகும்.

ஐயம்பேட்டையில் அவர் தெருவில் விடியற்காலையில் பாவு நீட்டுவார்கள். தறியில் ஏற்றுவதற்கு முன்னால் பட்டு இழைகளைத் தெரு நீளத்துக்குக் கட்டி, கஞ்சி போட்டு, இழை இழையாக நீவிக் காயவைக்க வேண்டும். ஆண், பெண் எல்லாரும் கை கொடுப்பார்கள். அப்படி ஒரு நாள் வேலாயுதம் என்கிற தறிக்காரர் சந்தன நிறப் பாவு ஒன்றை நீட்டியிருந்தார். முகூர்த்தச் சேலைக்கு உள்ளது. ஈரம் காயவில்லை. தனகோட்டி வண்டியை ஓரமாகத்தான் ஓட்டிக்கொண்டு போனார். புகை ஓரமாகப் போகவில்லை. போன பின் பார்த்தால், சைலன்ஸர் துப்பிய கரி பாவு நெடுகப் புள்ளி புள்ளியாக இருந்தது.

தெருவே கூடியது. இனி அந்த வண்டி தெருவுக்குள் வரக்கூடாது என்று முடிவாயிற்று. ரோட்டிலேயே நிறுத்தித் தலைச்சுமையாகக் கொண்டு வருவதென்றால் எந்தத் தறிக்காரர் அவருக்குச் சரக்குக் கொடுப்பார்? குதிரை வண்டிக்காரரிடம் கொடுத்தால் வாசலில் வந்து இறக்குவார். அதாவது வண்டி இருந்தும் தனகோட்டிக்குப் பிழைப்பு இல்லை. அவர் கடைக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். பின்னாலேயே வேலாயுதமும் வந்தார், ஆயில் கொடுத்த ஆளைப் பார்க்க வேண்டுமாம். சண்டைக்குத் தயாராக நின்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு அமைதியாகச் சொன்னார்:

"நீ குடுத்த ஆயிலு அவன் வண்டிக்கு நல்லா ஒத்துக்கினு போவுது தம்பி. என் பாவுக்குத்தான் ஒத்துக்கல."

சரோஜா கேட்ட கேள்வி

மறுநாள் தனகோட்டியின் மனைவி சரோஜா வந்தார். சுற்றி வளைக்கவில்லை. "அண்ணா, புகையே வராத ஆயில் எதுனா இருக்குதா? இருக்குதுன்னா இருக்குதுன்னு சொல்லு, இல்லன்னா இல்லன்னு சொல்லு" என்று கேட்டார். இத்தனை வருஷத்தில் என்னிடம் நேராக ஒரு கேள்வி கேட்ட ஒரே வாடிக்கையாளர் அவர்தான். இல்லை என்றேன். அளவோடு ஊற்றினால் புகை குறையும், ஆனால் இல்லாமல் போகாது. பாய் ஒரு தகரக் குவளையில் அளவுக்குக் கோடு கிழித்துக் கொடுத்தார். கொடுத்துவிட்டுச் சும்மா இருக்காமல், "புகையே வேணாம்னா இஞ்சின அணைச்சிடணும்மா" என்று கிண்டலாகச் சொன்னார். நான் சிரித்தேன். சரோஜா சிரிக்கவில்லை. குவளையை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த பாவு நாளன்று எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பாயைக் கூட்டிக்கொண்டு ஐயம்பேட்டைக்குப் போனேன். தெரு முழுக்கப் பாவு நீட்டியிருந்தது. தெருமுனையில் தனகோட்டி வண்டியை நிறுத்தி இஞ்சினை அணைத்தார். பின்னாலிருந்து சரோஜா இறங்கினார், முந்தானையை இழுத்துச் செருகினார், தள்ள ஆரம்பித்தார். வண்டி நிறைய நூல் மூட்டை. தனகோட்டி மேலே உட்கார்ந்து ஹேண்டிலைப் பிடித்தபடி, பாவைத் தொட்டுவிடாமல் இருக்க மூச்சைக்கூட அடக்கிக்கொண்டிருந்தார். நீவிக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். யாரும் மறிக்கவில்லை. வரக்கூடாது என்று சொன்னது புகை விடும் வண்டியை. இது புகை விடவில்லை.

பாதித் தெருவில் ஒரு பள்ளம். முன் சக்கரம் இறங்கிவிட்டது. சரோஜா முட்டிக்கொண்டு தள்ளிப் பார்த்தார், நகரவில்லை. நான் ஓடலாமென்று அடி எடுத்து வைத்தேன், பாய் என் தோளைப் பிடித்து நிறுத்தினார். அதற்குள் பாவுக்கு அந்தப் பக்கம் இருந்த வேலாயுதம் கையில் இருந்த கஞ்சியை வேட்டியில் துடைத்துக்கொண்டு, பாவுக்கு அடியில் குனிந்து இந்தப் பக்கம் வந்தார். வண்டியில் கை வைத்தார். பிறகு இன்னொருவர். பிறகு யார் யாரோ. ஒளிப்பானேன், எனக்குக் கண் கலங்கியது. சக்கரம் பள்ளத்தை விட்டு மேலே ஏறியது. அந்த நாளிலிருந்து பாவு நாட்களில் தெருவே அந்த வண்டியைத் தள்ளியது. வண்டி வரக்கூடாது என்ற பேச்சை அப்புறம் யாரும் எடுக்கவில்லை.

ஆனால் அன்றைக்கு அது நடந்துகொண்டிருந்தபோது, கருட சேவைக்குப் புறப்பட்ட பெருமாள் போல மேலே நிமிர்ந்து உட்கார்ந்துவிட்ட தனகோட்டியை சரோஜா விடுவதாக இல்லை. வேர்த்து விறுவிறுத்து வண்டிக்குப் பின்னாலிருந்து குரல் கொடுத்தார்:

"ஊரே தள்ளிக்கினு வருது, நீ மட்டும் இன்னாய்யா சாமியாட்டம் உக்காந்துக்கினு வர்ற? எறங்கித் தள்ளு!"

ஆகவே ஆயில் தேடும் அன்பர்களே, டின்னின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று படிப்பதற்கு முன்னால், வண்டி நின்றுபோனால் தள்ளுவதற்கு உங்கள் தெருவில் எத்தனை பேர் இறங்கி வருவார்கள் என்று ஒருமுறை எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள்.