கவர் போட்ட மெட்டு

எங்கள் வீட்டு அலமாரியில் ஒரு பச்சை பிளாஸ்டிக் கவர் இருக்கிறது. உள்ளே பழைய இசைத்தட்டு. நாங்கள் குடியேறிய வென்ட்வேர்த்வில்லில் தன் வீட்டு கராஜில் வைத்து, சாக்சபோன் அண்ணன் அதை எனக்குக் கேட்கத் தந்தார். “கவனம் தம்பி, இது ஒரிஜினல். கவர் இல்லை” என்றார். கவர்தானே என்று உள்ளே ஓடி ஒன்றை எடுத்துவந்து தட்டை அதற்குள் போட்டு முடிச்சும் போட்டேன். மதுரைக்காரனுக்குக் கவர் என்றால் பை. அண்ணன் சிரித்து நாற்காலியிலிருந்து சரிந்தே விட்டார். “ஐயோ, அது சொப்பிங் பாக்! நான் சொன்னது பாட்டுக் கவர், ஒருத்தற்ற பாட்டை இன்னொருத்தர் பாடுறது!”

சனிக்கிழமைகளில் நாங்கள் நான்கு பேர் அந்த கராஜில் ரிதம் அண்ட் புளூஸ் வாசிப்பதாக நம்பிக்கொண்டிருந்தோம். நான் டிரம்ஸ். நான்கு எண்ணும் தாளத்தில் இரண்டிலும் நான்கிலும் ஓங்கி அடிக்கவேண்டிய இசையில், பஜனைக்குப் பழகிய என் கை ஒன்றில்தான் விழும். “தம்பி, சாமி வந்திட்டார், காணும், நிப்பாட்டும்” என்பார் அண்ணன்.

அந்த இசை பிறந்த கதையைச் சொல்லும்போது மட்டும் அவர் முகம் மாறிவிடும். அமெரிக்க நகரங்களில் கறுப்பினக் கலைஞர்கள் புளூஸை முடுக்கி, சாக்சபோனை அலறவிட்டு, கூட்டத்தை ஆடவைத்தார்கள். வெள்ளைப் பாடகர்கள் அதே பாட்டுகளுக்குத் தலைவாரிப் பவுடர் பூசிப் பாட, வானொலிகள் பெரும்பாலும் அவற்றையே ஒலிபரப்பின. “கவர் எண்டா அதுதான் தம்பி. ஆளை உள்ளுக்கை போட்டு மூடிறது.” சொல்லும்போது கண் கலங்கும். அந்தக் கண்ணை நம்பித்தான், வாழ்க்கையில் நான் போட்ட ஒரே மெட்டை அவரிடம் முனகிக் காட்டினேன்.

பிளாக்டவுன் மண்டபத்தில் ஒரு விழா. “அடுத்தது என்ர சொந்தப் பாட்டு” என்று அறிவித்து அண்ணன் ஊதத் தொடங்கினார். என் மெட்டு. பின்னால் டிரம்ஸில் நான். அன்றைக்குத்தான் முதன்முறையாக இரண்டிலும் நான்கிலும் தப்பாமல் அடித்தேன். கூட்டமோ ஒன்றில் கைதட்டியது.

வெளியே, கார்களுக்கு நடுவே கேட்டேன். “அண்ணே, அது என் மெட்டு.”

“ஓம் தம்பி. நீர் சும்மா முனகினதை நானெல்லோ பாட்டாக்கினனான். ஒரு கவர் எண்டு வையுமன்” என்று தோளில் கைபோட்டார். நான் சிரித்தேன். ஊரையே சிரிக்கவைக்கிறவன் அழுதால் அதையும் பகடி என்றுதான் நினைப்பார்கள். அதற்குப்பின் கராஜ் பக்கம் போகவில்லை; கேட்கத் தந்த தட்டும் என்னிடமே தங்கிவிட்டது.

போன வாரம் வென்ட்வேர்த்வில் கடையொன்றில் அந்தப் பாட்டு ஒலித்தது. யாருடையது என்று தெரியாதவன்போல் கேட்டேன். கடைக்காரர் பெருமையோடு அண்ணன் பெயரைச் சொன்னார். “எங்கட ஆள்தான். சாமானுக்கு பாக் வேணுமோ?”

வேண்டாம், வீட்டில் ஒரு கவர் இருக்கிறது என்றேன். அதற்குள் ஓர் ஆள் மூடிக்கிடப்பதைச் சொல்லவில்லை.