ஏரிக்குள் ஓடிய பிரெஞ்சு வண்டி

அன்றைக்குக் காலையில் காய்ந்த ஏரிக்குள் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஐந்து பிரெஞ்சு வண்டிகள், வண்டிக்கு இரண்டு பேராகப் பத்துப் பேர், கரைமேல் குடையும் துண்டுமாக எங்கள் மண்ணூர் ஜனம், டிராக்டரில் வந்திறங்கிய படப்பைக் கும்பல், துண்டை வீசிப் பந்தயத்தைத் தொடங்கிவைக்க ஏரித் தண்ணீருக்குப் பொறுப்பான நீர்க்கட்டி முனுசாமி, கூட்டத்தோடு சேராமல் தனியாக ஒரு வேப்பமரத்தடியில் நின்றிருந்த என் அப்பா. வண்டிகளில் இருந்த பத்துப் பேரில் பெண்கள் இரண்டே பேர். ஒருத்தி ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த என் அத்தை சம்பூரணம். இன்னொருத்தி அவளுக்குப் பக்கத்தில் வாயில் எச்சில்கூட ஊறாமல் உட்கார்ந்திருந்த நான். வெயிலில் வெடித்த சேற்றின் வாசமும் பெட்ரோல் நெடியும் கலந்து மூக்கில் ஏறியது. இன்றும் பெட்ரோல் பங்கில் நின்றால் எனக்கு முதலில் அந்தச் சேற்று வாசம்தான் வரும்.

அந்த வண்டிகளை இப்போது யாரும் பார்த்திருக்க மாட்டீர்கள். கோழிமுட்டையை நீளவாக்கில் கிடத்தியதுபோல் சின்ன உடம்பு. மற்ற வண்டிகளுக்கு முன்னால் இருக்கிற இன்ஜின் இதற்குப் பின்னால் இருக்கும். நாம் சாமான் வைக்கிற டிக்கி முன்னால் இருக்கும். வெளிநாட்டுச் சரக்கு என்று ஒரு காலத்தில் ஆசையாக வாங்கியவர்களெல்லாம் உதிரிப்பாகம் கிடைக்காமல் அலுத்துப்போய், கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டார்கள். டாக்ஸிக்கு உதவாது, மூட்டை ஏற்ற உதவாது என்று ஒதுக்கப்பட்ட அவற்றை ஸ்ரீபெரும்புதூர், படப்பை, சுங்குவார்சத்திரம் பக்கத்து மெக்கானிக்குகள் இரும்பு விலைக்கு வாங்கி, பம்புசெட் ஓஸும் டிராக்டர் பெல்ட்டுமாக எதையெதையோ பொருத்தி உயிர் கொடுத்தார்கள். உயிர் வந்த வண்டியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கோடையில் ஏரி காய்ந்ததும் உள்ளே இறக்கி ஓட்டினார்கள். அதற்குப் பெயர் "ஏரி ரேஸ்". பரிசு என்று பெரிதாக எதுவும் இல்லை. ஒரு மாலை, ஒரு தேங்காய், அடுத்த கோடைவரை டீக்கடையில் உரக்கப் பேசும் உரிமை.

எங்கள் வீட்டு வண்டி இரும்பு விலைக்கு வந்ததில்லை. அது என் மாமாவுடையது. பாண்டிச்சேரியில் ஸ்டுடியோ வைத்திருந்த மாமாவுக்குச் சர்க்கரையால் கால் மரத்துப்போனதும், அத்தைதான் ஓட்டக் கற்றுக்கொண்டு அவரைக் கல்யாண வீடுகளுக்குப் படம் பிடிக்கக் கூட்டிப்போனாள். மாமா இறந்த பிறகு ஒரு டிரங்குப் பெட்டியோடு அந்த வண்டியைத் தானே ஓட்டிக்கொண்டு தம்பி வீட்டுக்கு, அதாவது எங்கள் வீட்டுக்கு, வந்து சேர்ந்தாள். ஊர் வாயடைத்துப் போனது. பிறகு வாயைத் திறந்தது. தாலி அறுத்தவள் காரில் போகிறாள் என்று என் காதுபடவே பேசினார்கள். அப்பா கெட்டவரில்லை. ஆனால் ஊர் சிரித்தால் அவருக்குச் சோறு இறங்காது. பழைய இரும்புக்காரர் ஒருவரிடம் வண்டிக்கு விலை பேசிவிட்டார்.

அத்தை அழவில்லை. டீக்கடையில் நாலு பேருக்கு நடுவே உட்கார்ந்திருந்த அப்பாவிடம் நேரே போய் நின்றாள்.

"டேய் ஏகாம்பரம், வண்டிய வித்துட்டா நான் உன் வூட்ல இன்னாடா? பாத்திரம் கழுவற ஆளா?"

அப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொள்ள நினைத்து, "எக்கா, வண்டி மேல அவ்ளோ ஆசை கீதுன்னா போய் ஏரி ரேஸ்ல ஜெயிச்சினு வா. அந்த வண்டி உன்துதான், நான் வாயே தொறக்க மாட்டேன்" என்றார். வேடிக்கையாகத்தான் சொன்னார். அத்தை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. "நீங்கல்லாம் கேட்டீங்க இல்ல?" என்று பெஞ்சில் இருந்த ஒவ்வொருத்தரையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டாள்.

வண்டியைப் பந்தயத்துக்குத் தயார்செய்தவர் ஸ்ரீபெரும்புதூர் தாவூத் பாய். பின்சீட்டைக் கழற்றினார், சைலன்சரைக் குட்டையாக்கினார், என் பக்கத்துக் கதவை எடுத்துவிட்டு அந்த இடத்தில் குறுக்கே கயிறு கட்டினார். பிறகு முன்பக்கத்தை ஒரு கையால் தூக்கிக் காட்டினார். "பாத்தீங்களாக்கா, இதுக்கு மூக்கு லேசு, பின்னாடிதான் கனம். வேகமா திரும்பச் சொல்லோ மூக்கு பேச்ச கேக்காது. முன்னாடி கனமா எதுனா போடுங்க." மற்ற வண்டிக்காரர்கள் மணல்மூட்டை போட்டிருந்தார்கள். அத்தை எங்கள் வீட்டு ஆட்டுக்கல்லைத் தூக்கி முன் டிக்கியில் வைத்துக் கயிற்றால் கட்டினாள். அம்மா அந்த வாரம் முழுக்க இட்லிக்கு ஆட்டப் பக்கத்து வீட்டுக்குப் போனாள், வாய்க்குள் திட்டிக்கொண்டே.

ஏரி ரேஸில் வண்டிக்கு இரண்டாவது ஆள் கட்டாயம். அவருக்குப் பெயர் "பாரம்". திருப்பத்தில் வண்டி கவிழாமல் இருக்க வண்டி திரும்புகிற பக்கமாக வெளியே சாய்ந்து தொங்க வேண்டும். மற்ற வண்டிகளில் தடித்த ஆண்பிள்ளைகள் பாரமாக இருந்தார்கள். அத்தைக்கு என்னை விட்டால் ஆள் கிடைக்கவில்லை. நான் ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். கணக்கு வாத்தியார் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிடுவாரோ என்ற பயத்திலேயே நின்றுவிட்டேன். மழை வந்தால் கூரை விழுமா, அப்பா வரத் தாமதமானால் லாரியில் அடிபட்டிருப்பாரா என்று எந்நேரமும் எதையாவது நினைத்து நகத்தைக் கடித்துக்கொண்டிருக்கும் பெண். அத்தை கேட்டபோது மாட்டேன் என்று சொல்லவும் பயம், சரி என்று சொல்லவும் பயம். தலையாட்டிவிட்டேன்.

பந்தயத்துக்கு முந்திய நாட்களில் எனக்கு ஒரே வேலைதான். வண்டி போகப்போகிற வழியெல்லாம் நடந்து, எந்த இடத்தில் நாங்கள் சாகக்கூடும் என்று பார்த்துக்கொண்டே வந்தேன். ஏரி நிரம்பினால் தண்ணீர் வழிகிற கலங்கல் பக்கம் வேலமுள், டயர் வெடிக்கும். பனைமரத்துத் திருப்பத்தில் மண் சரிவு, கவிழும். எல்லாவற்றிலும் மோசமானது மதகுப் பள்ளம். ஏரியில் கடைசியாகக் காயும் இடம் அது. மேலே ஓடுபோல் காய்ந்திருக்கும், கீழே களி. உள்ளே போகத் தடை ஒன்றும் இல்லை, சிக்கிவிடும் பயத்தில் வண்டிகள் அதைச் சுற்றிக்கொண்டு கரைக்கல் ஓரமாகத்தான் போகும். ஆனால் தண்ணீர் வற்றும் நாட்களில் சேற்றைக் கிளறி விரால் பிடிக்க நாங்கள் பிள்ளைகள் இறங்குகிற இடமும் அதுவே. பள்ளத்துக்கு நடுவே கோரை முளைத்த ஒரு திட்டு நீளமாக ஓடும். வேர் பின்னிய மண், கால் புதையாது. அதன்மேல் நடந்துதான் நாங்கள் அக்கரைக்குப் போவோம். அதையும் பார்த்து வைத்துக்கொண்டேன், வண்டி சிக்கினால் இறங்கி ஓடத் தோதாக.

முனுசாமி துண்டை வீசினார். மூன்று சுற்று. புழுதியில் முன்னால் போவது யார் என்றே தெரியவில்லை. முதல் சுற்றில் நாங்கள் நான்காவது. பனைமரத்துத் திருப்பத்தில் நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வெளியே தொங்கினேன். தரை என் காதுக்குப் பக்கத்தில் ஓடியது. "முருகா, முருகா" என்று நான் கத்திய கத்தலில் அத்தைக்கே கோபம் வந்து, "அவரு வல்லக்கோட்டைல நிம்மதியா கீறாருடி, நீ வாய மூடிக்கினு சாயி" என்றாள். சாய்ந்தேன். ஒரு வண்டியைத் தாண்டினோம். இரண்டாவது சுற்றில் ஒரு வண்டி முள்ளில் டயரைப் பறிகொடுத்து ஒதுங்கியது. எங்களுக்கு முன்னால் படப்பை சேகரின் பச்சை வண்டி ஒன்றுதான். போன இரண்டு கோடையிலும் மாலை வாங்கியவர் அவர்.

அப்போதுதான் அது நடந்தது. ஒரு மேட்டில் வண்டி எகிறியதில் டிக்கிக் கயிறு அறுந்து, மூடி திறந்து, ஆட்டுக்கல் வெளியே குதித்து, ஏரிக்குள் உருண்டு போனது. கரையே சிரித்தது. "ஏகாம்பரம், உன் வூட்டு இட்லி போச்சுடா!" என்று யாரோ கத்தினார்கள். வேப்பமரத்தடியில் அப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டதை நான் பார்த்தேன்.

மூடி காற்றில் தானாகவே படாரென்று விழுந்து மூடிக்கொண்டது, அந்த மட்டும் நல்லது. ஆனால் அத்தை ஸ்டியரிங்கைத் திருப்பினால் வண்டி திரும்பவில்லை. மூக்கு நேராகவே போனது. மெதுவாகப் போனால் திரும்பும். மெதுவாகப் போனால் சேகரைப் பிடிக்க முடியாது. கடைசிச் சுற்றில் மதகுத் திருப்பம் வந்தது. சேகர் கரைக்கல் ஓரம் பிடித்து வளைய ஆரம்பித்துவிட்டார். இந்த வேகத்தில் நாங்கள் வளைந்தால் கல்லில்தான் போய் மோதுவோம். அத்தையின் கால் பிரேக்கை நோக்கிப் போனது. அவள் முகத்தைப் பார்த்தேன். இரும்புக்காரர் வந்து வண்டியை இழுத்துப்போவதை அப்போதே பார்த்துவிட்டவள்போல் இருந்தாள்.

"அத்தை, திருப்பாத! நேரா போ! கோரை மேல போ!"

"பள்ளம்டி அது, பைத்தியமே!"

"கோரை மேல புதையாது அத்தை! நான் நடந்து கீறேன்!"

எங்கே போனால் சாவோம் என்று அத்தனை நாள் பார்த்து வைத்தவளுக்கு, எங்கே போனால் சாகமாட்டோம் என்பதும் தெரியாமல் போகுமா? அத்தை ஒரு கணம்தான் யோசித்தாள். காலைப் பிரேக்கிலிருந்து எடுத்து ஆக்ஸிலேட்டரில் வைத்து அழுத்தினாள். "அப்ப பின்னால போ, சக்கரத்து மேல உக்காரு!" என்றாள். சீட்டைத் தாண்டி விழுந்து, பின்சீட் இருந்த இடத்து வெறுந்தகரத்தில் இன்ஜின் சூட்டோடு முதுகை ஒட்டிக்கொண்டேன். மூக்கு லேசான வண்டி கோரைமேல் ஏறியது. இரண்டு பக்கமும் களி வாரி அடித்தது. முன்சக்கரம் புதையவே இல்லை, புதைய அதில் கனம்தான் இல்லையே! பின்சக்கரம் மட்டும் உழுதுகொண்டே தள்ளியது. ஒரு இடத்தில் வண்டி தயங்கியது. நான் இருந்த இடத்திலேயே குதித்துக் குதித்து உட்கார்ந்தேன். பிறகு டக்கென்று கெட்டித்தரை. பள்ளத்தைச் சுற்றி வளைந்து வந்த பச்சை வண்டி எங்களுக்குப் பின்னால் இருந்தது.

முனுசாமியின் துண்டைத் தாண்டும்போது அத்தை ஹாரனை அடித்தாள். அடித்துக்கொண்டே இருந்தாள். நிறுத்திய பிறகும் கையை எடுக்கவில்லை. எங்களைச் சூழ்ந்துகொண்ட கூட்டத்தை விலக்கிக்கொண்டு முதலில் வந்தவர் சேகர். "இன்னாக்கா, காரு வச்சி ஏர் ஓட்டிட்ட!" என்று தன் கழுத்துத் துண்டை எடுத்து அத்தையிடம் கொடுத்து முகத்தைத் துடைக்கச் சொன்னார். பிறகு அப்பா வந்தார். அவர் கண்ணாடியில் அப்பியிருந்த சேற்றை உள்ளங்கையால் வழித்துப் போட்டார். வழித்து முடித்ததும், "எக்கா, பின்வழியா போகாத. தேரடித் தெரு வழியா வூட்டுக்கு ஓட்டினு வா. நான் முன்னால நடக்கறேன்" என்றார்.

அப்படியே நடந்தார். தேருக்கு முன்னால் போகிறவர்போல் கையை ஆட்டி ஆட்டி வழி விலக்கிக்கொண்டு அப்பா போக, சேறு சொட்டச் சொட்ட எங்கள் வண்டி பின்னால் ஊர்ந்தது. வாசலுக்கு வந்து பார்த்த முகங்களை நான் ஒன்றுவிடாமல் பார்த்தேன். அன்றைக்கு என் நகம் கடிபடவில்லை.

இரும்புக்காரர் பிறகு வரவேயில்லை. அத்தை அந்த வண்டியில் பிரசவ வலி கண்டவர்களை ஸ்ரீபெரும்புதூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள், வல்லக்கோட்டையில் கல்யாணம் முடித்த ஜோடிகளை ஊருக்கு அழைத்துவந்தாள். "தாலி அறுத்தவ" என்று பேசிய வீடுகளிலிருந்தே முதலில் ஆள் வந்தது. அவள் சாகும்வரை வண்டி அவள் பெயரிலேயே இருந்தது.

ஏரியில் இப்போது முக்கால்வாசி இல்லை. கலங்கலுக்கு மேல் கண்டெய்னர் லாரி போகிற சாலை. மதகு இருந்த பக்கம் மண்ணடித்து மதில் எழுப்பி, பக்கத்தில் வந்த கம்பெனியில் செய்த புதுக் கார்களை வரிசை வரிசையாக நிறுத்திவைத்திருக்கிறார்கள். என் மாடி அறைகளில் அந்தக் கம்பெனிப் பெண்கள் வாடகைக்கு இருக்கிறார்கள். அதில் ஒருத்தி இசக்கியம்மாள், திருநெல்வேலிப் பக்கம். லைனிலிருந்து இறங்கும் கார்களை ஓட்டிப்போய் நிறுத்துவதுதான் அவளுக்கு வேலை. ஷிப்ட் முடிந்து வர ஐந்து நிமிஷம் தாமதமானாலும் நான் போன் போட்டுவிடுவேன், அந்தப் புத்தி மட்டும் போகவில்லை. போன வாரம் மொட்டைமாடியில் துணி எடுக்கும்போது இந்தக் கதையைச் சொன்னேன். "என்னக்கா சொல்லுதீய, நாங்க இருவது கிலோமீட்டர் வேகத்துல போனாலே சூப்பர்வைசர் சாமி ஆடுதாரு" என்று சிரித்தாள். பிறகு கைப்பிடிச் சுவரில் எட்டிப் பார்த்து, "உங்க அத்த அந்த ஆள முந்தினது எந்த இடத்துலக்கா?" என்று கேட்டாள்.

மதிலுக்கு அப்பால், சீட்டுக்கு உறை பிரிக்காத வெள்ளைக் கார்கள் வெயிலில் நின்றுகொண்டிருந்த வரிசையைக் காட்டினேன். "நாளைக்கு அங்கதான் வண்டி விடணும்" என்றாள். "அந்த இடத்துல மட்டும் ஆக்ஸிலேட்டர கொஞ்சம் அழுத்துடி" என்று சொன்னது நானா, எனக்கே நம்ப முடியவில்லை.