அரை மணி முந்திய சேர்வர்: அக்கரப்பத்தனை போய்வந்த கதை

மகள் தேவிகாவுக்கு ஹட்டனில் ஒரு கொம்ப்யூட்டர் நிறுவனத்தில் வேலை. 2008 ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை, அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கும் மாலை வகுப்பு நிலையத்துக்கு அவளை முதல்தடவையாகத் தனியாக அனுப்பினார்கள். தனியாக என்றால், என்னோடு. அவளுடைய சாமான் பெட்டியைத் தூக்க ஆள் வேண்டாமா என்று நானே சொல்லிக்கொண்டு, என் கடையைப் பூட்டிவிட்டு பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

அன்றைக்குள் வேலை முடியாவிட்டால் கொழும்பிலிருந்து வேறு ஆள் வருவார், இவள் பழையபடி ஒபிஸில் பில் போட வேண்டியதுதான் என்று மேலாளர் சொல்லியிருந்தார். அதனால் வழி முழுக்க அவள் மடியில் இருந்த குறிப்புகளையே புரட்டிக்கொண்டிருந்தாள். அவள் பங்கையும் சேர்த்து நானே பேசிக்கொண்டு வந்தேன்.

கொட்டகலையில் காலை 7.20 பஸ். தலவாக்கலை, லிந்துலை வழியாக முப்பது கிலோமீட்டர் சொச்சம், ஒன்றே முக்கால் மணி நேரம், ஆளுக்கு அறுபது ரூபாய். நீர்வீழ்ச்சி பார்க்க எந்தப் பக்கம் உட்கார வேண்டும் என்று என்னிடம் கேட்காதீர்கள். நான் எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் அது மறுபக்கம்தான் விழும். டவுனில் இறங்கி ஒன்றரை கிலோமீட்டர் ஏற்றம். ஆட்டோக்காரத் தம்பி நூற்றைம்பது கேட்டார். தோட்டத்துப் பிள்ளைகளின் கொம்ப்யூட்டர் வேலைக்குப் போகிறோம் என்றதும், "அப்ப நூறு குடுங்கண்ணே, போதும்" என்றார். நல்லா இருக்கட்டும்.

நிலையத்தில் பன்னிரண்டு திரைகள். ஒவ்வொன்றுக்கும் கீழே டிபன் பெட்டி அளவில் ஒரு கருவி. அதற்குள் ஒன்றுமே இல்லையாம். எல்லாருடைய டெஸ்க்டொப்பும் அலமாரிக்குள் இருக்கும் ஒரு பழைய சேர்வருக்குள்தான் ஓடுகிறது. பக்கத்தில் புதிய சேர்வர் ஒன்று. அதில் டைரக்டரி, அதாவது யார் யார் உள்ளே வரலாம் என்ற பெயர்களும் பாஸ்வேர்டும். இரண்டையும் இணைப்பதுதான் தேவிகாவின் வேலை. இணைத்துவிட்டால், எந்தத் திரையில் உட்கார்ந்து பெயர் கொடுத்தாலும் அவரவர் டெஸ்க்டொப் அங்கே வரும். சாதாரண தரப் பரீட்சையில் கணக்கில் கோட்டைவிட்ட எனக்கு இது இப்படித்தான் புரிந்தது: காலையில் தோட்டத்துப் பெரட்டுக் களத்தில் தொழிலாளர்களைப் பேர் கூப்பிடுகிற மாதிரி. பேர் இருந்தால்தான் வேலை.

பேர் இருந்தது. வேலைதான் நடக்கவில்லை. மத்தியானம் வரை யாருடைய பெயரைப் போட்டாலும் உள்ளே விடவில்லை. நிலையத்துக்குப் பொறுப்பான யாழ்ப்பாணத்து ஆசிரியர் எங்களுக்கு ரொட்டியும் சம்பலும் கொண்டுவந்தார்.

"என்ன பிள்ளை, இன்னும் விடுதில்லையோ?"

"பாஸ்வேர்ட் எல்லாம் சரி சார். ஆனா டைரக்டரி பழைய சேர்வரை நம்ப மாட்டேங்குது."

அவள் கண் கலங்கியிருந்தது. நான் பார்க்காத மாதிரி இன்னொரு ரொட்டி எடுத்தேன்.

திரும்பிப் போகக் கடைசி நேர் பஸ் நாலு மணிக்கு, நிலையத்துக்குக் கீழே இருக்கும் சந்தியில். தற்செயலாக, அவள் பழைய சேர்வரைத் திறந்து வைத்திருந்த திரையின் மூலையைப் பார்த்தேன். 4.06! "பஸ் போச்சு!" என்று கத்திக்கொண்டு, ஒரு செருப்போடு பள்ளத்தில் ஓடினேன். பஸ் அங்கேயே நிற்கிறது. கண்டக்டர் டீ குடித்துக்கொண்டிருக்கிறார்.

"என்னண்ணே, நாய் தொரத்துதா?"

"நாலு மணி பஸ் போயிருச்சோன்னு..."

"மூணு முப்பத்தாறுதாண்ணே ஆகுது. மத்த செருப்பையும் போட்டுக்கிட்டு மெதுவா வாங்க."

மூச்சு வாங்க மேலே ஏறி, "ஒன் கொம்ப்யூட்டர் அரை மணி நேரம் பொய் சொல்லுது!" என்று கோபத்தில் சொன்னேன்.

தேவிகா சட்டென்று திரும்பினாள். "என்னப்பா சொன்னீங்க? அரை மணியா?"

"உது பழைய நேரமெல்லோ!" என்றார் ஆசிரியர். 2006இல் நாடு முழுக்க மணிக்கூட்டை அரை மணி பின்னுக்கு வைத்தோமே. பழைய சேர்வரை மட்டும் யாரும் திருத்தவில்லை. ஐந்து நிமிடத்துக்கு மேல் நேரம் வித்தியாசப்பட்டால் டைரக்டரி கதவைத் திறக்காதாம். தேவிகா நேரத்தைத் திருத்தி, சேர்வரை மூடித் திறந்தாள். கொழுந்தெடுத்துவிட்டு நேரே வகுப்புக்கு வந்திருந்த செல்வி என்ற பெண் முதல் திரையில் தன் பெயரைப் போட்டார். திறந்தது. தன் வீட்டு விலாசத்தைத் தட்டி வைத்துவிட்டு எழுந்துபோய் ஏழாவது திரையில் உட்கார்ந்தார். அதே விலாசம் அங்கேயும்.

"அட, எங்க போனாலும் கூடவே வருதே!" என்று சிரித்தார். தேவிகா மேலாளருக்குப் போன் போட வெளியே போனாள்.

நாங்கள் கீழே இறங்கும்போது 4.15. பஸ் நின்றது. "ஒத்தச் செருப்பு ஐயா இன்னும் வரலைன்னு நிறுத்தி வச்சேன்" என்றார் கண்டக்டர். உள்ளே இருந்த சனம் முணுமுணுத்தது, ஆனாலும் பெட்டி வைக்க இடம் விட்டது. அத்தனை பேருக்கும் நன்றி.

போகிறவர்களுக்கு: ஆகஸ்டிலும் சுவெட்டர் வேண்டும். டெஸ்க்டொப்புகளை டைரக்டரியோடு இணைக்கப் போகிறவர்கள் முதலில் இரண்டு சேர்வரின் நேரத்தையும் பாருங்கள். பூண்டுலோயாவுக்கு எப்படிப் போவது, எந்த பஸ் என்றால் தேவிகாவைத்தான் கேட்க வேண்டும். அடுத்த வாரம் அங்கே அவளைத்தான் அனுப்பினார்கள். நான் கொட்டகலையில் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.