கிணற்றடிச் செம்பும் என் கட்டுரையும்

இதை விடுதிப் பலகையில் ஒட்டுகிறேன். கிழிக்க நினைப்பவர் வாசித்துவிட்டுக் கிழிக்கவும்.

இன்று ஆங்கில வகுப்பில் நாங்கள் படிக்கும் நாவலைப் பற்றிய கட்டுரைகளை மாஸ்டர் திருப்பித் தந்தார். அந்தக் கதையில் வரும் அநாதைப் பையனை வீட்டார் தங்களோடு மேசையில் இருத்திச் சாப்பிட விடுவதில்லை. "நான் அங்கே இருந்திருந்தால் அவனுக்கு ஒரு கதிரை இழுத்துப் போட்டிருப்பேன்" என்று எழுதியிருந்தேன்.

மாஸ்டர் என்னை எழுப்பி வாசிக்கச் சொன்னார். கதிரை வரியை நானாகவே இரண்டு தரம் வாசித்தேன்.

மணி அடித்ததும் கிணற்றடிக்குப் போனோம். நாங்கள் செம்பைக் கைமாற்றி அண்ணாந்து குடித்தோம். வகுப்பில் ஒரே வாங்கில் என்னோடு இருக்கும் பொன்னன் இரண்டு முழம் தள்ளி நின்று, குனிந்து, கைகளைக் குவித்தான். அவனுடைய சாதியார் செம்பைத் தொடக்கூடாது என்பது ஊர் வழக்கம். நானும் வழக்கம்போல உயரத்திலிருந்து ஊற்றினேன்.

குடித்துவிட்டு வாயைத் துடைத்தான்.

"உன்ரை கட்டுரை நல்லாயிருந்தது. கதிரை இழுத்துப் போட்ட இடத்திலை எனக்கு அழுகை வந்திட்டுது" என்றான்.

குத்திக் கதைக்கிறானோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை, மனதாரத்தான் சொன்னான்.

"இன்னும் கொஞ்சம் ஊத்தட்டோ?" என்று மட்டும் கேட்டேன்.

"ஓம்."

ஊற்றினேன். செம்பு என் கையிலேயே இருந்தது.

நாளை இடைவேளைக்கு அதை அவன் கையில் கொடுக்கப் போகிறேன். அவனுக்குப் பிறகு அதே செம்பில் குடிக்கத் தயாரானவர்கள் கீழே பெயர் எழுதுங்கள். முதற்பெயரை நானே எழுதியிருக்கிறேன்.

பென்சிலால்தான்.