மூன்று ஸ்டாப் இருட்டு

பேய்க்கு ராத்திரிதான் வேண்டும் என்று எவன் சொன்னான்? எனக்கு வந்தது பட்டப்பகலில். வெளியே பனி கொட்டி ஊரே வெள்ளை வெளேரென்று கிடந்தது. நான் குடிக்கவில்லை. காய்ச்சலும் இல்லை. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். நம்பாதவர்கள் நம்பாமல் போகட்டும், எனக்கென்ன.

ஜப்பானில், நாகாஓகா என்ற ஊரில் என் கடை. இறந்தவர்களின் படத்தைச் சரிசெய்து, சவப்பெட்டிக்கு மேலே வைக்கப் பெரிதாக்கிக் கொடுப்பது என் தொழில். மச்சத்தை மறைப்பேன். தழும்பை அழிப்பேன். பனியன் போட்டவருக்குக் கிமோனோ மாட்டிவிடுவேன். இருபத்திரண்டு வருஷமாகச் செத்தவர்கள் முகத்தோடுதான் குடித்தனம். சட்டென்று பயப்படுகிற ஆள் இல்லை நான்.

பிப்ரவரி பத்தொன்பது, மதியம் 1.10. குராமோச்சி வந்தார். கழுத்தில் டிஜிட்டல் ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா. அந்த விலைக்கு ஒரு கார் வாங்கலாம். அவர் மனைவி சயோகோ இரண்டு நாள் முன்னால் மாடிப்படியில் விழுந்து இறந்துவிட்டாளாம். அன்று மாலை ஆறு மணிக்கு எல்லோரும் வந்து ஊதுவத்தி வைப்பார்கள். மறுநாள் காலை பத்துக்குத் தகனம்.

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. மெமரி கார்டை மட்டும் கழற்றி நீட்டினார்.

"இதுல ஒரே படம்தான் இருக்கு, தொகாஷி சான். ஏப்ரல்ல செர்ரி மரத்தடியில எடுத்தது. நல்லா சிரிச்சிருப்பா. படம் இருட்டா இருக்கேன்னு பார்க்காதீங்க. பூ வெளுத்துடக் கூடாதுன்னு வெளிச்சத்தைக் குறைச்சு எடுத்தேன். வெள்ளை எரிஞ்சு போனா போனதுதான். இருட்டுல இருக்கறதை அப்புறமா வெளிச்சம் ஏத்தித் தூக்கிக்கலாம்."

"எனக்கே பாடமா? நாலு மணிக்கு வாங்க."

பெண்டாட்டி செத்து இரண்டு நாள். இந்த ஆள் எக்ஸ்போஷர் பேசுகிறார். எரிச்சலாக வந்தது.

அவர் போனதும் கார்டைக் கணினியில் செருகினேன். பாதியில் விட்ட சோற்று உருண்டையை, பச்சை ஸ்வெட்டரில் சிந்தாமல், தின்று முடித்தேன். 1.31க்குக் கார்டைத் திறந்தேன்.

ஒரே படம். செர்ரி மரம் இல்லை. பூ இல்லை. சிரிப்பும் இல்லை. ஒரு ஜன்னல். வெளியே பனி. ஜன்னலோரம் நாற்காலியில் ஒரு பெண். பனி துல்லியமாகப் பதிவாகியிருந்தது. அவள்தான் கன்னங்கரேலென்று இருந்தாள்.

கார்டு மாறிவிட்டதோ என்னவோ. முகத்தைப் பார்ப்போம் என்று ஒரு ஸ்டாப், அதாவது இரண்டு மடங்கு, வெளிச்சம் ஏற்றினேன். தலை குனிந்திருந்தாள்.

முதுகுக்குப் பின்னால் சத்தம். கிர்ர்ர்... பழைய கட்டடம், மரம் முனகும். திரும்பவில்லை.

இரண்டு ஸ்டாப். தலை நிமிர்ந்திருந்தது.

கண்ணைக் கசக்கிக்கொண்டேன். மூன்று ஸ்டாப்.

என்னை நேராகப் பார்த்தாள்.

கழுத்தில் சிவப்பாக என்னவோ தெரிந்தது. வெள்ளை எரிந்துபோன இடத்தைக் கணினி சிவப்பாகக் காட்டும். பனியில் காட்டியிருந்தால் சரி. இருட்டுக் கழுத்தில் எப்படி? வெளிச்சத்தைக் குறைத்தேன். ஒன்று... மூன்று... ஐந்து ஸ்டாப். படமே கரியானது. சிவப்பு மட்டும் அப்படியே நின்றது. ஐந்து கோடு.

ஐந்து விரல்.

1.50. குராமோச்சிக்குப் போன் போட்டேன்.

"செர்ரி மரம் இல்லைங்க. ஜன்னலோரம் உட்கார்ந்திருக்காங்க."

மெதுவாகக் கேட்டார்.

"கழுத்து தெரியுதா?"

நான் கழுத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை.

"அந்தப் படத்தையே அழிச்சிருங்க. இப்பவே வர்றேன்."

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அழித்தேன். நமக்கேன் வம்பு என்றுதான் தோன்றியது. 1.54.

பிரிண்டர் தானாக ஓட ஆரம்பித்தது. ஸ்ஸ்ர்ர்... ஸ்ஸ்ர்ர்...

முதல் தாளில் அவள் உட்கார்ந்திருந்தாள்.

இரண்டாவதில் எழுந்து நின்றாள்.

மூன்றாவதில் நாற்காலி காலி.

மண்ணெண்ணெய் ஹீட்டர் அணைந்தது. என் பிடரியில் யாரோ மூச்சு விட்டார்கள். பனியைவிடச் சில்லென்று...

நாளைக் காலை பத்து மணிக்கு இவளை எரித்துவிடுவார்கள். அதற்கப்புறம் தூக்கிப் பார்க்க ஒன்றும் மிஞ்சாது.

"சொல்றேன்..." என்றேன். "சொல்லிடறேன், சயோகோ சான்..."

போலீசுக்குப் போன் போட்டேன். பிடரியில் பட்ட மூச்சு நின்றது.

2.20. போலீசுக்கு முன்னால் குராமோச்சி வந்துவிட்டார்.

"அழிச்சாச்சா?"

மூன்றாவது தாளை நீட்டினேன். பார்த்துச் சிரித்தார்.

"காலி நாற்காலியைப் போய்ப் பிரிண்ட் போட்டிருக்கீங்களே!"

அப்புறம் என் தோளுக்கு மேலே பார்த்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

"வேணாம்டி... கையை எடு... தெரியாம பண்ணிட்டேன்டி..."

அவருடைய இரண்டு கையும் அவர் கழுத்துக்கே போயின. அப்படியே பின்வாங்கித் தெருவில் பனியில் விழுந்தார். அதற்குள் வந்துவிட்ட போலீஸ்காரர்கள் இரண்டு பேர் சேர்ந்து இழுத்தும் அந்தக் கைகளைப் பிரிக்க முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் நாலே காலுக்கு உயிரை விட்டான். எனக்குத் துளியும் வருத்தமில்லை. நல்லா வேணும்.

தகனத்தை நிறுத்தினார்கள். அவள் கழுத்தில், பவுடர் பூசி மறைத்த இடத்தில், ஐந்து விரல் பதிந்திருந்தது.

இத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

ஏப்ரலில் இன்ஸ்பெக்டர் மினோவா வந்தார். நான் அழித்த படத்தை அந்தக் கார்டிலிருந்து மீட்டிருந்தார்கள்.

"இந்தப் படத்தை நீங்கதானே எடுத்தீங்க?"

"நானா! அவன் கொடுத்த கார்டுங்க அது."

"எடுத்த நேரம் பிப்ரவரி பத்தொன்பது, மதியம் 1.26ன்னு பதிவாகியிருக்கு."

1.26க்குக் கார்டு என் கணினியில் இருந்தது. நான் சோற்று உருண்டை தின்றுகொண்டிருந்தேன்.

அவர் படத்தை மேஜையில் வைத்தார். அந்த ஜன்னலின் கண்ணாடியில் எழுத்துகள் இடவலம் மாறித் தெரிந்தன. என் கடைப் பெயர். உள்ளேயிருந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும். அந்த நாற்காலி, வாடிக்கையாளர்களுக்காக நான் போட்டு வைத்திருக்கும் நாற்காலி.

"ஓரத்துல ரொம்ப இருட்டா இருந்துச்சு. நாலு ஸ்டாப் ஏத்தினோம். இது யாருன்னு தெரியுதா?"

மூலையில், பச்சை ஸ்வெட்டர் போட்ட ஒரு முதுகு. குனிந்து என்னவோ தின்றுகொண்டிருந்தது.