காலை நீட்டாத நோயாளி

மிளகு பறிக்க மரம் ஏறியபோது உள்ளங்கையில் முள் குத்திச் சீழ் வைத்துவிட்டது. மாரமங்கலத்திலிருந்து பஸ் ஏறி ஏற்காட்டில் உள்ள ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கிருந்த நர்ஸம்மா என்ன செய்கிறது என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். மூன்று முறை கேட்டார். கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு மூன்று முறையும் அதையே சொன்னேன். திட்டுவார் என்று பயந்தேன். அவர் முகமோ மலர்ந்துவிட்டது.

“உங்கள மாதிரி ஒரு ஆளத்தானுங்க தேடிட்டிருந்தேன்,” என்றார்.

அந்த ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர்களுக்குப் பயிற்சி நடக்கிறது. டாக்டரே எட்டிப் பார்க்காத ஊர்களில் வேலை செய்ய ஆசைப்படுகிறவர்கள் வந்து தங்கிப் படிக்கிறார்கள். வெளிநாட்டுக்காரர்கள்கூட உண்டு. மருந்து மாத்திரை எல்லாம் அவர்களுக்கு ஏற்கெனவே அத்துபடி. வாயைத் திறக்காத நோயாளியைப் பேச வைப்பதுதான் தெரியாது. அதைப் பழக ஒரு பொய் நோயாளி வேண்டும். எனக்கு முன்னால் அந்த வேலையைச் செய்த மஞ்சக்குட்டைக்காரர், டாக்டர் நாற்காலியில் உட்காரும் முன்பே எல்லாவற்றையும் ஒப்பித்துவிடுவாராம், அவருக்குக் கொடுத்த தாளில் இல்லாத நோய்களையும் சேர்த்து. அவரை நிறுத்திவிட்டார்கள்.

எனக்கும் ஒரு தாள் கொடுத்தார்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் என்பதால் எழுத்துக் கூட்டிப் படித்து மனப்பாடம் செய்தேன். எனக்குச் சர்க்கரை வியாதி. வலது உள்ளங்காலில் ஆறாத புண். கால் மரத்துப் போனதால் வலி தெரியாது. டாக்டர் நல்லபடியாகக் கேட்டால் நானே காலை எடுத்துக் காட்ட வேண்டும். அவர் இழுத்துப் பார்த்தால் மதிப்பெண் கிடையாது.

பரீட்சை நாளன்று அறை வாசலில் ஒரு டாக்டர் பெண் போனில் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. “மூணாவது தடவைம்மா. இன்னைக்கும் கோட்டை விட்டா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க.” குரல் உடைந்திருந்தது. பாவம், இந்தப் பெண் கேட்டவுடன் காலைக் காட்டிவிட வேண்டும் என்று முடிவு செய்துகொண்டு உள்ளே போனேன்.

நர்ஸம்மா என்னைப் பெஞ்சில் உட்கார வைத்து, வெல்லப் பாகில் குங்குமத்தைக் குழைத்து என் உள்ளங்காலில் புண் வரைந்தார். ஓரத்துக்குக் காப்பித்தூள். எனக்கே நிஜப் புண் என்று தோன்றியது. பிறகு மூலையில் போய் மதிப்பெண் தாளோடு உட்கார்ந்துகொண்டார்.

அந்தப் பெண் வந்து வணக்கம் சொல்லி, சாப்பாடு, தூக்கம், தாகம் எல்லாம் விசாரித்தது. கடைசியில், “அங்கிள், உங்க காலைக் கொஞ்சம் பார்க்கலாமா?” என்று கேட்டது. தாளில் இருந்தபடியே, அவ்வளவு மரியாதையாக.

இனி நான் செய்ய வேண்டியது காலை நீட்டுவது மட்டும்தான். என்னால் முடியவில்லை. இத்தனை படித்த பெண், வெள்ளைக் கோட்டு, அதன் முகத்துக்கு நேராக என் காலை எப்படி நீட்டுவது? கால் தானாகப் பெஞ்சுக்கு அடியில் போய்விட்டது.

“ஒண்ணுமில்லீங்க,” என்றேன்.

மறுபடி கேட்டது. கால் இன்னும் உள்ளே போனது. மூலையில் நர்ஸம்மா தாளில் ஏதோ எழுதுவது தெரிந்தது.

அந்த நேரம் பார்த்து எறும்பு வந்தது. வெல்லத்தைச் சும்மா விடுமா? ஒவ்வொன்றாகக் கடிக்கத் தொடங்கின. ஆனால் எனக்குக் கால் மரத்துப் போயிருக்கிறதே. பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்த முகமாக இருக்கப் பார்த்தேன். உடம்பு நெளிந்தது. அந்தப் பெண் கவலையோடு, “பாத்ரூம் போகணுமா அங்கிள்?” என்றது. அதற்கும் ஒண்ணுமில்லீங்க என்றேன்.

அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. பிறகு குனிந்து தன் ஷூவையும் சாக்ஸையும் கழற்றி, தன் காலை என் பக்கம் நீட்டியது. குதிகாலில் தோல் உரிந்து சிவந்திருந்தது.

“காலையில கரடியூர் வரைக்கும் நடந்தேன். புது ஷூ. எரியுது அங்கிள். நீங்க என்ன பண்ணுவீங்க?”

நான் குனிந்து பார்த்தேன். நல்ல செருப்புக் கடி. இதை விசாரிக்க இந்த ஆஸ்பத்திரியில் என்னைவிடத் தகுந்த ஆள் யார்?

“தேங்கா எண்ணெ வைங்க கண்ணு. ரெண்டு நாளைக்கு ஷூ வேண்டாம். எனக்கும் இதே எடத்துல வந்துச்சு, தழும்ப பாருங்க,” என்று வலது காலைத் தூக்கி இடது முழங்கால்மேல் போட்டுக் குதிகாலைக் காட்டினேன்.

புண் பளிச்சென்று தெரிந்தது. அதன்மேல் எறும்புக் கூட்டம்.

அந்தப் பெண் சிரிக்கவில்லை. “இது எத்தனை நாளா அங்கிள்?” என்று மெதுவாகக் கேட்டது.

“ரெண்டு மாசமாங்க,” என்று தாளில் இருந்ததைச் சொன்னேன்.

“ஏன் முதல்லயே காட்டல?”

இதற்குத் தாளில் பதில் இல்லை. “உங்க முன்னால எப்படிங்க காலை நீட்டறது?” என்றேன்.

அது ஒரு கிண்ணத்தில் வெந்நீர் கொண்டுவந்து, தரையில் உட்கார்ந்து என் காலைக் கழுவத் தொடங்கியது. எனக்குக் கூச்சத்தில் உயிரே போனது. வெல்லம் கரைந்து, காப்பித்தூள் கரைந்து, புண்ணே இல்லாமல் போய்விட்டது.

“இவ்வளவு சீக்கிரம் ஆறுன புண்ண நான் பாத்ததே இல்லீங்க,” என்ற நர்ஸம்மா, மதிப்பெண் தாளை அந்தப் பெண்ணிடம் நீட்டினார். தேறிவிட்டது. ஒற்றை ஷூவோடு அது குதித்த குதியில் கிண்ணம் கவிழ்ந்தது.

விஷயம் எப்படியோ விடுதி முழுக்கப் பரவியிருக்கிறது. அடுத்த வாரப் பரீட்சைக்கு வந்த பத்துப் பேரும் நொண்டிக்கொண்டே உள்ளே வந்தார்கள். உட்கார்ந்ததும் ஷூவைக் கழற்றி, கால் எரிகிறது, என்ன செய்யலாம் என்று கேட்டார்கள். வெளிநாட்டுப் பையன் ஒருவன் ‘செருப்புக் கடி’ என்பதை மட்டும் தமிழில் அழகாகச் சொன்னான். நான் பத்துக் காலையும் பொறுமையாகப் பார்த்தேன். எதிலும் செருப்புக் கடி இல்லை. இரண்டு பேருக்கு மட்டும் காலில் ஆணி இருந்தது. அதை அவர்களிடம் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.