மாமா கைவைத்த விமானம்

மாமா பராமரித்த போர் விமானம் விழுந்தது உண்மைதான். இதை இப்போது யார் முன்னாலும் சொல்வேன், எனக்கு வெட்கமில்லை. அதைப் பற்றி மூச்சு விடக்கூடாது என்று அம்மா போட்ட கட்டளையை வீட்டில் எல்லாரும் மதித்தோம், மாமாவைத் தவிர.

மாமா அம்மாவின் தம்பி. கோலா சாவா பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மர வாசத்தில் வளர்ந்து, விமானப் படையில் மெக்கானிக்காகச் சேர்ந்து, வேலைக்காலம் முடிந்ததும் எங்கள் வீட்டோடு வந்து தங்கியவர். அவர் பார்த்துக்கொண்ட விமானம் பறவை மோதி விழுந்தது என்று படையில் விசாரித்துச் சொல்லிவிட்டார்கள். தோட்டத்து ஆட்கள் தனியாக ஒரு விசாரணை நடத்தி, அவருக்குக் கைராசி இல்லை என்று தீர்ப்பு எழுதினார்கள். அதனால் வந்த வரன் எல்லாம் வாசலோடு திரும்பிப் போனது.

கடைசியாகச் சுங்கை காடுட்டில் ஒரு பெண் அமைந்தார். தொழிற்சாலையில் வேலை. பெண் பார்க்கப் போன அன்று என் கோணல் சடையை அவிழ்த்து, பேசிக்கொண்டே அழகாகப் பின்னிவிட்டார். அன்றே அவரை அத்தை என்று முடிவு செய்துவிட்டேன். மாமாவும் அதற்குப் பிறகு தினமும் சவரம் செய்துகொண்டார். முடிவு சொல்ல வேண்டியது பெண்ணின் பெரியப்பா. பத்து வீட்டில் விசாரித்து, பதினோராவது வீட்டில் அதைச் சரிபார்க்கிற மனிதர். அவர் காதுக்கும் அந்தச் சேதி போய்விட்டது.

அம்மா அசரவில்லை. கடற்கரைக்குப் போகிற சாலையோரத் திடலில், ஓய்வு கொடுத்த ஒரு போர் விமானத்தைக் காட்சிக்கு வைத்திருந்தார்கள். மாமா பார்த்த அதே ரகம். "அதுதாங்க என் தம்பி பார்த்த பிளேன். விழுந்துச்சுன்னு சொல்றவன் வாயில மண்ணு. நீங்களே வந்து பாருங்க லா" என்று பெரியப்பாவை அழைத்துவிட்டார். ஆயுத பூஜை அன்று வேனில் கிளம்பினோம். பூஜை போடத்தான் போகிறோம் என்று மட்டும் மாமாவிடம் அம்மா சொல்லியிருந்தார்.

விமானத்தின் வாயில் மைனா கூடு கட்டியிருந்தது. காவலுக்கு இருந்த மலாய்க்காரர் கற்பூரம் மட்டும் கொளுத்தாதீர்கள் என்று சொல்லி ஒதுங்கிக்கொண்டார். மாமா சந்தனப் பொட்டு வைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழத்தை வைத்தார். லாரியோ மோட்டாரோ, வண்டி முன்னே உருண்டு பழத்தை நசுக்கினால்தான் பூஜை முடியும். இந்தச் சக்கரமோ சிமெண்டோடு ஒட்டிக் கிடந்தது. நானும் தள்ளிப் பார்த்தேன். "அது நகராட்டி என்ன, நான் நகர்றேன்" என்று சொன்ன அம்மா, பழத்தை வெளியே இழுத்துக் குதிகாலால் ஒரே மிதி மிதித்தார்.

பெரியப்பா அதற்குள் அறிவிப்புப் பலகைக்குப் போய்விட்டார். விமானம் எந்த நாட்டில் செய்தது, எப்படிக் கடல் தாண்டி வந்தது, எத்தனை வருடம் வானத்தைக் காத்தது, புது ரகம் வந்ததும் எப்படி ஓய்வு பெற்றது, எல்லாவற்றையும் மலாயில் சத்தமாகப் படித்தார்.

"இந்த ரகத்துல ஒன்னு விழுந்ததா எதுவும் போடலையே" என்றார்.

"விழுந்தாத்தானே போடுவாங்க" என்றார் அம்மா.

பெரியப்பாவின் முகம் இளகியது. மாமா பக்கம் திரும்பி, "அப்ப இதுதான் நீங்க பார்த்த பிளேனா, மாப்ள?" என்று கேட்டார்.

மாப்ள என்றே சொல்லிவிட்டார். மாமா தலையை ஆட்டினால் போதும், கல்யாணம் முடிந்த மாதிரி. அம்மா கண்ணாலேயே கெஞ்சினார். மாமா பலகையை ஒருமுறை முழுதாகப் படித்துவிட்டு வந்தார்.

"இல்லீங்க. இது வேற. நான் பார்த்தது விழுந்துருச்சு."

"டேய், பேசாம இரு" என்றார் அம்மா.

"ஏன்க்கா பேசாம இருக்கணும்? அதை ஓட்டுனது ஒரு மலாய்க்காரப் பையன். ஆயுத பூஜைன்னா, 'எங்கேண்ணே என் லீமாவ்'னு எலுமிச்சம்பழம் கேட்டு அவனே வந்து நிப்பான். பழம் நசுங்காம ஏறமாட்டான். அன்னிக்கும் நான்தான் கையைக் காட்டி அனுப்பிவச்சேன். திரும்பி வரல." பெரியப்பாவை நேராகப் பார்த்தார். "என் கையில குத்தம் இல்லீங்க. ஆனா விழவே இல்லன்னு சொல்லமாட்டேன். பலகையில எழுதலன்னா, அவன் செத்தது இல்லன்னு ஆயிடுமா?"

பெரியப்பா சட்டையில் இல்லாத தூசியைத் தட்டினார். வீட்டில் பேசிவிட்டுச் சொல்கிறோம் என்றார். அவர்கள் சொல்லவே இல்லை.

அம்மா சில நாள் மாமாவோடு பேசவில்லை. ஆனால் அதற்குப் பிறகு தோட்டத்தில் யாராவது கைராசி என்று வாயெடுத்தால், "ஆமா, விழுந்துச்சு. அதுக்கென்ன இப்ப?" என்று இடுப்பில் கைவைத்து நின்றது அவர்தான்.

அன்று திரும்பும்போது வேனில் நான் மாமாவின் பக்கத்தில் உட்கார மறுத்தேன். அவர் ஜன்னல் வழியாக ரப்பர் மரங்களையே பார்த்துக்கொண்டு வந்தார். அந்தப் பெண்ணை அவருக்குப் பிடிக்காமல் போய்விட்டது, அதனால்தான் அப்படிச் சொல்லிக் கெடுத்துவிட்டார் என்றே நினைத்துக்கொண்டேன். எவ்வளவு பிடித்திருந்தும், செத்துப்போன ஒரு சினேகிதனை மறுபடியும் சாகடித்துத்தான் அவளை அடைய வேண்டும் என்றால் வேண்டாம் என்று ஒரு மனிதன் சொல்ல முடியும் என்பது எனக்கு அப்போது தெரியாது.